தனுஷ்கோடி: கணக்கில் வராதோர் ஊர்

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்து வியாழனன்று, இரு வீடுகளைப் பற்றிய உவமை திருப்பலியில் வாசிக்கப்படுகின்றது. பாறைமீது கட்டிய வீடு நின்றது. மணல்மீது கட்டிய வீடு விழுந்தது. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் இந்த உவமைக்கு, இராமேசுவரம் தீவில் மறையுரை ஆற்றும் குருவானவர் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. தென்கிழக்கே கை நீட்டினால் போதும். அங்கே கூரையிழந்த தேவாலயச் சுவர்களோடும், தண்டவாளம் இல்லாத இரயில் நிலையத்தின் எச்சங்களோடும் மணலில் கிடக்கிறது தனுஷ்கோடி.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இத்தீவின் பங்கொன்றில் இளங்குருவாக உதவிப்பணி ஆற்றிய காலத்தில் நாமும் அவ்வாறே கை நீட்டினோம். "மணல்மேல் கட்டிய ஊர் என்ன ஆயிற்று, பாருங்கள்" என்று மறையுரையில் முழங்கினோம். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, ஐம்பது வயதை எட்டிய அம்மையார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். 1964-இல் அவருக்கு ஒன்பது வயது. அவருடைய தந்தை தனுஷ்கோடி நிலையத்தில் சுமை தூக்கும் போர்ட்டராக இருந்தவர். அம்மையார் சினந்து பேசவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "சாமி, அங்க மணலத் தவிர வேற என்ன இருந்துச்சு? பாறைக்கு நாங்க எங்க போவோம்?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவுக்கு நம்மிடம் அன்று விடை இல்லை. குருமடத்தில் பயின்ற விவிலிய விளக்கங்கள் அத்தனையும் அவ்வாசலில் வாயடைத்து நின்றன. அந்த ஊர் எப்படித் தோன்றியது, யாரால் தோன்றியது, யாருக்காகத் தோன்றியது என்பதைக்கூட அறியாமல், அது எப்படி அழிந்தது என்பதை மட்டும் அறிந்துகொண்டு நாம் அதற்குத் தீர்ப்பெழுதிவிட்டோம் அன்றோ! அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

வில்லின் முனை

தனுஷ் என்பது வில்; கோடி என்பது முனை. இராமேசுவரம் தீவு தென்கிழக்காக நீண்டு, ஒடுங்கி, மணல் நாக்காக மாறிக் கடலுக்குள் இறங்குமிடமே தனுஷ்கோடி. ஒருபுறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான முன்னதைப் பெண் கடல் என்றும், அலையெறியும் பின்னதை ஆண் கடல் என்றும் இவ்வூர் மக்கள் வழங்குவர். இரு கடல்களுக்கும் இடையே உள்ள நிலத்தின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாது. ஆயினும் அந்த மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் குடிக்கத் தகுந்த நீர் சுரக்கும். உப்புக் கடல்கள் இரண்டின் நடுவே இனிய நீர்! படைத்தவரின் பரிவை வியக்காமல் இருக்க இயலுமோ?

இரயில் வருமுன்னரும் இந்த இடம் ஆளரவமற்ற பாழ்நிலமாக இருந்ததில்லை. சேதுக்கரையில் நீராட வரும் இந்து யாத்திரிகர் பன்னூறு ஆண்டுகளாக இம்மணலை மிதித்தனர். இராமநாதபுரத்தை ஆண்ட மன்னர்கள் சேதுவின் காவலர் என்னும் பொருளில் சேதுபதி என்றே பட்டம் தாங்கினர். கரைவலை இழுக்கும் மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பக் குடில் அமைத்தும் பெயர்ந்தும் வாழ்ந்தனர். எனினும் நிலையம், தபால், சுங்கம், பள்ளி என்று நாலும் கூடிய ஊராகத் தனுஷ்கோடியை ஆக்கியது இரயிலே.

இரும்பு வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர், இரயிலில் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலேறினர். திறந்த கடலில் நீண்ட பயணம் அது. ஆனால் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல்வழியோ ஏறத்தாழ 22 மைல் மட்டுமே. இரு கரைகளையும் பாலத்தால் இணைத்து இரயிலையே இலங்கைக்குள் ஓட்டிவிடலாம் என்றுகூட ஆங்கிலேய அரசினர் எண்ணியதுண்டு. செலவு மலைக்கச் செய்தது. ஆகவே, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே பாலம், தனுஷ்கோடிவரை தண்டவாளம், அதற்கப்பால் நீராவிக் கப்பல் என்று திட்டம் சுருங்கியது.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம். கப்பல்களுக்கு வழிவிட நடுவே இருபுறமும் தூக்கித் திறக்கும் கண். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் பெயர் தாங்கிய அக்கண்ணை, ஆட்கள் நின்று கைகளால் நெம்பியே திறந்து மூடினர். அதே ஆண்டில் இலங்கையின் இரயில் பாதையும் தலைமன்னார் வந்து சேர்ந்தது.

இங்கே வாசகர் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்துக்குச் சென்றது. மற்றொன்று தனுஷ்கோடிக்குச் சென்றது. நாடறிந்த திருத்தலமான இராமேசுவரத்துக்குப் போனது கிளைப்பாதை. ஊரே இல்லாதிருந்த மணல்முனைக்குப் போனதே முதன்மைப் பாதை! தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் நோக்கம் தெளிவு. அது தனுஷ்கோடிக்காகத் தனுஷ்கோடிக்குச் செல்லவில்லை. கொழும்புக்காகச் சென்றது.

கடப்போரும் கிடப்போரும்

சென்னை எழும்பூரில் மாலையில் 'போட் மெயில்' ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடித் துறையில் இறங்குவார். ஒரே பயணச்சீட்டு கொழும்புவரை செல்லும். இரயிலிலிருந்து இறங்கிச் சுங்கச் சோதனையும் உடல்நலச் சோதனையும் முடித்துக் கப்பலேறினால், சில மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே காத்திருக்கும் இரயில் மடு வீதி நிலையத்தைக் கடந்து, மதவாச்சி வழியே இரவெல்லாம் ஓடி, மூன்றாம் நாள் காலையில் கொழும்பைச் சேரும். தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று இந்தியாவை ஆண்ட வைசிராய்களின் பெயர்களைத் தாங்கிய கப்பல்கள் ஓடின. பின்னாளில் இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் வந்தன.

இவர்கள் அனைவரும் கடந்து செல்வோர். கடந்து செல்வோருக்குப் பணி செய்யக் கிடந்தவர்களால் ஆனதே ஊர். நிலைய அலுவலர், தண்டவாளம் காப்போர், விளக்கேற்றுவோர், போர்ட்டர்கள், சுங்கத்தார், துறைமுகப் பணியாளர், தபால்காரர், தேநீர்க் கடைக்காரர், கருவாட்டு வணிகர் என்று ஒரு சிற்றூருக்குரிய அனைவரும் அம்மணலில் குடியேறினர். இரயில்வே குடியிருப்பு எழுந்தது, பள்ளி எழுந்தது, கோவில் எழுந்தது, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்களைச் சுவராக அடுக்கிய நம் தேவாலயமும் எழுந்தது. கரைவலை மீனவரின் மீனுக்கு, வாயிற்படியிலேயே சந்தைக்குச் செல்லும் வண்டி வந்து நின்றது.

இரயில் தந்த வாழ்வை நாம் குறைத்துப் பேசுவதற்கில்லை. கல்வியும், கடிதமும், கூலியும், மருந்தும் அதன் வழியே வந்தன. 1931-இல் இத்தீவில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், தம் இளமைக்காலத்தைக் கூறுமிடத்து, இரண்டாம் உலகப்போரின்போது இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டதையும், ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வெளியே எறியப்பட்டதையும், அவற்றைச் சேகரிக்கும் வேலையே தம் முதல் ஊதியத்தைத் தந்ததையும் நினைவுகூர்கிறார். நிற்காமல் ஓடும் வண்டி. அது எறிந்துவிட்டுப் போவதை ஓடிப் பொறுக்கும் சிறுவன்! இத்தீவுக்கும் இரயிலுக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

எண்ணும் பெயரும்

அப்பாதையில் கடந்து சென்றோர் எல்லாரும் ஒரே தகுதியில் கடக்கவில்லை. மெத்தை இருக்கையில் சென்ற அலுவலர் உண்டு, வணிகர் உண்டு, யாத்திரிகர் உண்டு. இவர்களுக்கெல்லாம் மேலான எண்ணிக்கையில், இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் ஏழை மக்கள் உண்டு. இரயில் வருமுன், அம்மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டை நோக்கி நடந்தனர். காலராவும் பசியும் வழியெல்லாம் அவர்களைப் புதைத்தன. இரயில் வந்தபின் நடை ஒழிந்தது. ஆனால் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் நாள்கணக்கில் அடைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தனுஷ்கோடிக்கு அனுப்பப்பட்டனர். ஒரு காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் துண்டு தரப்பட்டது. சேர வேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறியீடு அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆளின் பெயரைவிட, துண்டின் எண்ணே அவரைத் தோட்டத்தில் கொண்டு சேர்த்தது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1964 அக்டோபர் 30 அன்று, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும் என்பது முடிவு. ஒப்பந்தத்தில் இருந்தவை எண்கள். யார் போவது, யார் இருப்பது, அண்ணன் எங்கே, தங்கை எங்கே என்னும் கேள்விகள் எண்களுக்குள் அடங்குவதில்லை. அவர்களைப் போகவிட்ட வாசல் தனுஷ்கோடி. ஒப்பந்தத்தின் மை உலர்ந்த 54-ஆம் நாள் அவ்வாசலே இல்லாமற் போனது.

அந்த இரவு

1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, நாளுக்கு நாள் வலுத்துப் பெரும்புயலாகியது. 22 அன்று அது இலங்கையின் வவுனியா வழியே கடந்து, அன்றிரவு பாக் நீரிணையைத் தாவித் தனுஷ்கோடியை நெருங்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. போர்ட்டரின் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, விழாவுக்குத் துணி எடுக்கத் தங்கச்சிமடத்து உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தார். தந்தைக்கு வேலை இருந்தது. அவர் ஊரிலேயே தங்கினார்.

இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது 653 எண்ணுள்ள பாசஞ்சர் வண்டி. ஆறு பெட்டிகள். தந்தித் தொடர்பு அறுந்திருந்தது. கும்மிருட்டில், மழையில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய வேளையில், ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் எழுந்ததாகச் சொல்லப்படும் கடல்நீர் வண்டியை முழுவதுமாக மூடியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதே நீர் ஊரையும் வாரிச் சென்றது. நிலையம், துறை, சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, குடியிருப்பு, தேவாலயம் யாவும் ஒரே இரவில் சிதைந்தன. பாம்பன் பாலத்தின் 145 உத்தரங்களுள் 126 கடலில் விழுந்தன. தூக்கித் திறக்கும் நடுக்கண் மட்டும் அதிசயமாகத் தப்பியது.

வண்டியில் இருந்தோர் 110 பயணிகளும் 5 பணியாளரும், ஆக 115 பேர் என்பது கணக்கு. இக்கணக்கு எவ்வாறு பிறந்தது? விற்ற பயணச்சீட்டுகளால் பிறந்தது. சீட்டு இல்லாமல் ஏறியவரும் உண்டு, உண்மைத் தொகை 200-ஐ நெருங்கும் என்று சொல்வோர் உளர். புயலில் இறந்தோர் இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கு அன்று. அத்தனை பேரையும் பெயர் சொல்லி எண்ணும் பட்டியல் இம்மண்ணில் எவர் கையிலும் இல்லை.

நாற்பத்தாறு நாள்கள்

பாலத்தை மீட்க இரயில்வே ஆறு மாதக் கெடு விதித்தது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனும் அவருடைய குழுவினரும், கடலுக்குள் கிடந்த இரும்பு உத்தரங்களைத் தேடியெடுத்து, தூண்கள்மேல் மீண்டும் ஏற்றி, 46 நாள்களில் பாலத்தை ஓடச் செய்தனர். இந்தியப் பொறியியல் பெருமையோடு நினைவுகூரும் செயல் அது. அவர்தம் உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம்.

யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், எருசலேம் கோவிலைக் கட்ட 46 ஆண்டுகள் ஆயின என்று யூதர் பெருமை பேசுவதும், ஆண்டவரோ தம் உடலாகிய கோவிலைப் பற்றிப் பேசியதும் நாம் அறிந்ததே. கல்லும் இரும்பும் எழுவதைப் பற்றி ஒரு கணக்கு. மனிதர் எழுவதைப் பற்றி வேறொரு கணக்கு! மீண்ட பாலத்தின் வழியே இரயில் பாம்பனைக் கடந்து இராமேசுவரத்துக்குச் சென்றது. தனுஷ்கோடிப் பாதை மீளவே இல்லை. அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது.

அத்தீர்ப்பு முற்றிலும் தவறு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. இரு கடல்களுக்கு நடுவே, அலைமட்டத்துக்குச் சற்றே உயர்ந்து கிடக்கும் மணல் அது. மீண்டும் பிள்ளைகளை அங்கே குடியேற்றுங்கள் என்று எந்தப் பொறுப்புள்ளவர் சொல்வார்? ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது. கப்பல் ஏறுமிடம் இராமேசுவரத்துக்கு மாறியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் 1984 வரை ஓடியது. ஒப்பந்தப்படி திரும்பிய மலைநாட்டு மக்கள் அவ்வழியே வந்து இறங்கினர். அவர்தம் முன்னோர் அடைபட்டிருந்த அதே மண்டபத்தில் தங்கினர். 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி ஓடிவந்த ஈழத் தமிழருக்கும் மண்டபமே முகாம் ஆயிற்று. அதாவது, கடப்போருக்கு வேறு வழி கிடைத்தது. கடப்போர் இல்லாத ஊருக்கோ பெயர்ப்பலகையும் எஞ்சவில்லை. பயன் தீர்ந்ததும் ஊர் தீர்ந்தது.

ஆயினும் உண்மையில் தீர்ந்ததா? அரசின் அறிவிப்புக்குப் பின்னும் மீனவர்கள் திரும்பினர். ஓலைக் குடில்கள் எழுந்தன. கம்பிப்பாட்டிலும் பாளையத்திலும் கரைவலை மீண்டும் விரிந்தது. இரயிலுக்கு முன்னும் இருந்தவர்கள், இரயிலுக்குப் பின்னும் இருந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது தண்டவாளம் அன்று. ஆகவே தண்டவாளம் போனதும் அவர்கள் போய்விடவில்லை.

சீலோவாம் கோபுரம்

இப்போது அம்மையாரின் வினாவுக்குத் திரும்புவோம். மணலைத் தவிர வேறு என்ன இருந்தது? தோட்டத்துக்கு ஆள் வேண்டியவர்களும், கொழும்புக்கு விரைந்து செல்ல வேண்டியவர்களும், அம்மணலைத் தேர்ந்தார்கள். போர்ட்டர் அதைத் தேரவில்லை. கூலி இருந்த இடத்துக்கு அவர் வந்தார். மேலும், ஆண்டவர் கூறிய உவமை வீட்டுமனை தேர்வதைப் பற்றியதும் அன்று. வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பதையும், கேட்டும் நடவாதிருப்பதையும் பற்றியது. அதை ஏழையின் குடிசைக்கு எதிராகத் திருப்பியது நம் பிழை. கேட்டும் நடவாதவன் என்னும் பட்டியலில் அன்று முதலாவதாக நின்றவர் மறையுரை ஆற்றிய நாமே.

பேரிடர்களைக் கண்டு பேசுவதற்கு ஆண்டவர் தந்த பாடம் வேறோர் இடத்தில் இருக்கின்றது. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்தவர்களைப் பற்றி அவர் பேசுகிறார். இறந்தோர் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடக் குற்றவாளிகளோ என்று வினவி, இல்லை என்று அவரே அறுதியிட்டுக் கூறுகிறார். பின்பு உயிரோடிருப்போரை மனம் மாற அழைக்கிறார். இறந்தோருக்குத் தீர்ப்பு இல்லை, இருப்போருக்கே அழைப்பு! இதில் இன்னொன்றும் உண்டு. இறந்தோரைச் 'சிலர்' என்று ஆண்டவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. பதினெட்டுப் பேர் என்று எண்ணிச் சொல்கிறார். அவர்களின் பெயர்களை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. ஆயினும் பதினெண்மரும் அவர் நாவில் எண்ணப்பட்டார்கள். தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கும் தந்தையின் மகன் அல்லரோ அவர்!

உலகம் எண்ணும் முறை வேறு. அது சீட்டை எண்ணும். தகரத் துண்டை எண்ணும். ஒப்பந்தத்தின் இலக்கத்தை எண்ணும். சீட்டு வாங்க இயலாதவர் வாழ்விலும் எண்ணப்படார், சாவிலும் எண்ணப்படார். திருச்சபையின் கணக்குப் புத்தகமும் அப்படி ஆகிவிடலாகாது. பங்குக் குடும்பப் பதிவேட்டில் பெயர் உள்ளவர், சந்தா செலுத்துபவர், விழாவுக்கு வரி தருபவர் என்று நாமும் சீட்டு எண்ணுகிறோமோ என்னும் ஐயம், தனுஷ்கோடியின் மணலில் நிற்கும்போதெல்லாம் நம்மை வாட்டுகின்றது. பருவத்துக்கு வந்து பருவத்தில் போகும் மீன்பிடித் தொழிலாளரை, முகாமில் வாழும் அகதிக் குடும்பத்தை, நம் ஊரில் கூலிக்கு வந்துள்ள வடமாநில இளைஞரை, எந்தப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்?

இன்று அவ்விடம்

2017-இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்றுமுதல் பேருந்துகளும் சிற்றுந்துகளும் சாரிசாரியாகச் செல்கின்றன. இடிந்த தேவாலயத்தின் முன் மக்கள் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். சங்கும் சிப்பியும் வாங்கிச் செல்கின்றனர். அக்கரையிலே, போரால் சிதைந்திருந்த தலைமன்னார் இரயில் பாதை சீரமைக்கப்பட்டு 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இக்கரையில் 2019-இல் இராமேசுவரம்–தனுஷ்கோடி இரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 108 ஆண்டுகள் உழைத்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. படகோடு தொடர்பற்றுப் போன பின்னும் 'போட் மெயில்' என்னும் பெயர் நம் மக்களின் நாவில் இன்னும் வழங்குகின்றது.

மீண்டும் கடப்போரின் காலம் வந்துவிட்டது. நல்லதே. ஆனால் அங்கே செல்லும் நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்தேவாலயத்தை வெறும் இடிபாடாகக் காணாதீர்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் உண்டு, மணமுடித்தவர் உண்டு, அடுத்த நாளுக்காகக் குடில் கட்ட எண்ணி உறங்கச் சென்று எழாதவரும் உண்டு. படம் எடுக்குமுன் ஒரு சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு கணம் மௌனமாக நில்லுங்கள். அருகே வலை உலர்த்தும் மீனவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் காட்சிப் பொருள் அல்லர், அவ்வூரின் குடிமகன்.

நாம் அப்பங்கை விட்டு மாறுதலாகிச் செல்லுமுன் வந்த நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாள். திருப்பலிக்குமுன் மக்கள் தம் வீட்டு இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுத்தனர். அம்மையாரும் ஒரு தாளைக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளையின் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். முதலில் அவர் தந்தையின் பெயர். அதன்கீழ் அண்டை வீட்டார் ஒன்பது பேரின் பெயர்கள். இந்துக்கள், முகம்மதியர், கிறிஸ்தவர் என்னும் பாகுபாடின்றி. கடைசி வரியில், "ரயில்ல டிக்கெட் இல்லாம வந்தவங்க" என்று எழுதியிருந்தது.

பீடத்தில் நின்று அத்தாளை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தோம். கடைசி வரிக்கு வந்தபோது, வாசற்பக்கம் நின்றிருந்த முதியோர் சிலர் மண்டியிட்டனர். அன்று மறையுரையை மிகச் சுருக்கமாக முடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து, எப்பங்கில் பணியாற்றினாலும், அந்நாளின் பெயர்ப்பட்டியலில் அவ்வரியை நம் கையாலேயே கடைசியில் எழுதிச் சேர்த்து வருகிறோம்.